நாலு பேருக்கு மேல்

அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, மார்பைச் சுற்றி ஒரு பழைய வேட்டியைக் கொடுத்து, முதுகுப் பக்கம் இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள் மலர்கொடி. எவ்வளவு இறுக்கினாலும் உடம்பு இடது பக்கமாகவே சாய்ந்தது. உயிரோடு இருந்தபோதும் உத்திராபதி அப்படித்தான் உட்காருவார். இடது பக்கம் சாய்ந்தால்தான் இழுப்புக்கு மூச்சு வரும் என்பார். பக்கத்தில் யார் இருந்தாலும் அவர்கள் தோளில் பாரத்தைப் போட்டுவிடுவார். இனிமேல் எந்தப் பக்கம் சாய்ந்து என்ன ஆகப் போகிறது?

“இன்னொரு சுத்து விடுடி, தல தொங்குது” என்றாள் அம்மா ராஜம்மாள்.

கொத்தங்கரைக் காலனியில் செத்தவர்களைப் படுக்கப் போடுவதில்லை. குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டி, வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள். வருகிறவர்கள் முகத்துக்கு முகம் பார்த்து அழ வேண்டும். காலடியில் கிடக்கிறவரைக் குனிந்து பார்த்து அழுவது என்ன மரியாதை என்று அந்தக் காலனிக்காரர்கள் கேட்பார்கள். உத்திராபதியும் உட்கார்ந்துவிட்டார். ராஜம்மாள் அவருடைய டயர் செருப்பைத் துடைத்துக் கொண்டுவந்து நாற்காலிக்கு அடியில் வைத்தாள்.

பொழுது விடிகிற நேரத்தில்தான் மூச்சு நின்றது. அந்த வீட்டில் பல வருஷமாக அவருடைய இழுப்பு ஓயாமல் விசில் மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. அது கேட்காமல் போனதும்தான் மலர்கொடி திடுக்கிட்டு எழுந்தாள். சத்தம் கேட்டு எழுந்தவர்களைப் பற்றிச் சொல்வார்கள், அவளை எழுப்பியது சத்தம் இல்லாததுதான்.

முந்தின நாள் சாயங்காலம் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இழுத்து இழுத்துத்தான் கேட்க முடிந்தது.

“தெரு வழியாத்தானே கொண்டுபோவீங்க?”

“தெரு வழியாத்தாம்ப்பா. சும்மா படு” என்றாள் அவள். வாயை அடைக்கச் சொன்ன வார்த்தைதான். ஆனால் சொன்னவளை விட்டு அது போகவில்லை. குளிப்பாட்டும்போதும் கூடவே இருந்தது, முடிச்சுப் போடும்போதும் கூடவே இருந்தது.

அவர் ஏன் அதைக் கேட்டார் என்று காலனியில் எல்லாருக்கும் தெரியும். முன்னெல்லாம் இங்கே யார் செத்தாலும் வரப்பு வழியாகத்தான் சுடுகாட்டுக்குப் போக வேண்டும். மேலத்தெருவில் பாடை கால் வைக்கக் கூடாது. உத்திராபதியின் தம்பி ஐப்பசி அடைமழையில் செத்தான். வரப்பு கரைந்து, தூக்கினவர்கள் வழுக்கி, பாடை நடவு வயலில் குப்புற விழுந்தது. தம்பியின் வாய்க்குள் விரலை விட்டுச் சேற்றைத் தோண்டி எடுத்தவர் உத்திராபதி. அன்றைக்கு எழுந்த மனிதர்தான், அப்புறம் உட்காரவே இல்லை.

புது ஆட்சி வந்திருந்த நேரம் அது. இனிமேல் போலீஸ்காரன் நம்மளை வாங்க போங்க என்று பேசுவான் என்று டீக்கடைகளில் சொல்லிக்கொண்டார்கள். உத்திராபதி விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்து, ஊர்வலம் நடத்துகிற வித்தையைக் கற்றுக்கொண்டார். அதற்கென்று சட்டம் இருக்கிறது. ஸ்டேஷனில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். கம்பு தடி கூடாது. ரோட்டின் இடது ஓரமாகப் போக வேண்டும், வண்டி வந்தால் வழி விட வேண்டும், யாரையும் பேர் சொல்லித் திட்டிக் கோஷம் போடக் கூடாது. ஒவ்வொன்றையும் எழுத்துப் பிசகாமல் செய்தார். அவர் நடத்திய ஊர்வலத்தில் நடந்தால் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்று கேலி பேசுவார்கள். ஆனால் அப்படி நடந்து நடந்தே தெருவை வாங்கிவிட்டார். தாசில்தார் முன்னால் பேசி முடிவாகி, போலீஸ் பாதுகாப்போடு முதல் பாடை மேலத்தெருவில் போனது. அதற்கப்புறம் எல்லாப் பாடையும் அந்த வழிதான். எல்லாப் பாடைக்கும் முன்னால் அவர் டயர் செருப்பைச் சட்டக் சட்டக்கென்று அடித்துக்கொண்டு போவார். அந்தத் தெருவில் அவர்கள் செருப்புப் போடக் கூடாது என்று இருந்த காலத்தை அந்தச் சத்தத்தாலேயே மிதித்துக்கொண்டு போவார்.

மிராசுதார் கோவிந்தராசு ஒருநாள் தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடி, சிரித்த முகமாகத்தான் சொன்னார். எல்லாரையும் இந்த வழியாகக் கொண்டுபோகிறாய், நீ போகிறபோது எந்த வழி என்று பார்த்துக்கொள்வோம் என்று. உத்திராபதியும் சிரித்துவிட்டுத்தான் வந்தார். வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல் படுத்தார்.

இப்போது பார்க்கிற நேரம் வந்துவிட்டது. அதுவும் எப்படிப்பட்ட நேரத்தில் வந்தது பாருங்கள்.

தை அறுவடைக்குக் கூலியில் அரை மரக்கால் நெல் கூடக் கேட்டார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார்கள். களத்துமேட்டில் கைகலப்பு. யார் மண்டையோ உடைந்தது, யார் வைக்கோல் போரோ எரிந்தது. மறுநாளே ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு வந்து நூற்றுநாற்பத்துநான்கு தடையுத்தரவு என்று அறிவித்தார்கள். ஐந்து பேரோ அதற்கு மேலோ எங்கேயும் கூடக் கூடாது. ஊர்வலம் கூடாது, மேளம் கூடாது, கோஷம் கூடாது. சட்டத்தின் கணக்கு அப்படி. நாலு பேர் வரைக்கும் மனுஷர்கள், ஐந்தானால் கூட்டம். காலனியில் நடக்கத் தெம்புள்ள ஆம்பிளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மலர்கொடியின் தம்பி உலகநாதனும் அவள் புருஷனும் ஒரே வேனில் போனார்கள். அப்பன் செத்த சேதி உலகநாதனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

அப்படியாக, கூட்டம் கூடாத ஒரு சாவு வீடு நடந்தது.

வீட்டில் அம்மாவும் மகளுமாக இரண்டு பேர். ஆகவே வெளியிலிருந்து இரண்டு பேர்தான் வரலாம். இரண்டு பெண்கள் வருவார்கள், ராஜம்மாளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்குவார்கள், பாதி அடியில் நிறுத்திவிட்டு எழுந்து போவார்கள். அடுத்த இரண்டு பேர் வந்து மீதி அடியைப் பிடித்துக்கொள்வார்கள். மற்றவர்கள் அவரவர் வீட்டு வாசற்படியில் தனித்தனியாக நின்று அழுதார்கள். அழுகை ஒரு இடத்தில் நிற்கவில்லை. கிழக்குக் கோடியில் ஆரம்பித்து வீடு வீடாக வந்து, மேற்குக் கோடிக்குப் போய், திரும்பவும் வந்தது. நடுவில் நாற்காலியில் உட்கார்ந்து அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

பறையடிக்கிற ரெத்தினம் தன் வீட்டு முன்னால் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடிக்கத்தானே கூடாது, காய்ச்சவும் கூடாதா என்று அவருக்கு ஒரு பிடிவாதம். சூடு ஏற ஏறத் தோல் இறுகி, கைபடாமலே டங்கென்று ஒரு சத்தம் போட்டது. ரெத்தினம் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம். வேலிக்கு அப்பால் அறுக்காமல் நின்ற வயலில் முற்றிய நெல் தானாக உதிர்கிற சத்தம்கூடக் கேட்டது, ஊர் அவ்வளவு அடங்கிக் கிடந்தது.

காலனி நுழைகிற இடத்தில் ஒரு போலீஸ்காரரைக் காவல் போட்டிருந்தார்கள். பஞ்சநதம் என்று பேர், அதிராம்பட்டினத்துக்குப் பக்கத்தில் கடற்கரைப் பிள்ளை. அவர்கள் பக்கம் செத்தவரைப் படுக்கவைத்துத்தான் பழக்கம். காலையில்தான் காவல் மாறி வந்திருந்தார், வந்ததிலிருந்து கைவிரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டே நின்றார். எண்ணிப் பார்த்தவர் விசில் ஊதினார். வீட்டுப் பக்கம் வந்தார்.

“அஞ்சு பேரு இருக்கீங்க. ஒருத்தர் உள்ள போங்க” என்றார்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நாலு பேர்தான் இருக்கிறோம் என்று மலர்கொடி சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, நாற்காலியைப் பார்த்துக் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார்.

“பெரியவரே, உங்களுக்குத்தான் சொல்றேன். எழுந்து உள்ள போங்க.”

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ராஜம்மாள்தான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பேசினாள்.

“அவரு இனிமே யாரு சொன்னாலும் எந்திரிக்க மாட்டாரு தம்பி. அவருக்காவத்தான் அழுவுறோம்.”

அப்போதுதான் பஞ்சநதம் தாடைக் கட்டைப் பார்த்தார், மூக்கில் வைத்த பஞ்சைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. மன்னிச்சுக்குங்க என்று யாரைப் பார்த்தோ சொல்லிவிட்டுத் தெருமுனைக்குத் திரும்பிப் போனார். மலர்கொடிக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. ஆனால் அதற்கப்புறம் நடந்ததுதான் அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அவர் அங்கே நின்றுகொண்டு மறுபடி எண்ணினார். நாலு விரல் மடங்கியது. கட்டை விரல் நிமிர்ந்து நின்றது. அதையும் மடக்கினார். கையை உதறிவிட்டு முதலிலிருந்து எண்ணினார். கட்டை விரல் திரும்பவும் மடங்கியது. விஷயம் தெரிந்த பிறகும் அவர் கணக்கு ஐந்திலிருந்து இறங்கவில்லை.

வெயில் உச்சிக்கு வந்தபோது ஜீப்பில் எஸ்.ஐ. வந்தார். உத்திராபதியோடு சங்கத்தில் ஆரம்பத்திலிருந்து இருந்த காயாரோகணம் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார். தெரு வழியாகக் கொண்டுபோக உத்தரவு வேண்டும் என்று கேட்டார். எஸ்.ஐ. கெட்ட மனிதர் இல்லை, தூங்காத மனிதர். கண் இரண்டும் சிவந்திருந்தது.

“தெருவுல நாலு பேரு தூக்கிட்டுப் போனா பின்னாடி நாப்பது பேரு வருவான். எதிர்ல நாப்பது பேரு நிப்பான். அப்புறம் நான் எத்தனை பொணத்துக்குக் கணக்கு சொல்றது?” என்றார். வரப்பு வழிதான். பாடைக்கு நாலு பேர்தான். பறை கிடையாது, சத்தம் கிடையாது.

தெருவை வாங்கினதே இவர்தானுங்க என்று காயாரோகணம் சொல்லிப் பார்த்தார். அந்த வழக்கமெல்லாம் தடையுத்தரவு எடுத்த பிறகு என்று எஸ்.ஐ. முடித்துவிட்டார். காயாரோகணம் விடவில்லை. தூக்க நாலு பேர் என்றால், கொள்ளிச்சட்டி எடுத்து முன்னால் போக ஒரு ஆள் வேண்டுமே, ஐந்தாகிறதே என்றார். எஸ்.ஐ. யோசித்தார். சட்டத்தில் அவருக்கும் ஒரு நியாயம் தேட வேண்டியிருந்தது.

“கொள்ளி தனியா முன்னாடி போவட்டும். ஒரு பர்லாங்கு தள்ளி. ஒட்டி வந்தா அஞ்சு பேருன்னு ஆயிடும்.”

பக்கத்தில் நின்ற பஞ்சநதம் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார்.

“சார், அந்தப் பெரியவரையும் சேத்தா…”

“யோவ், பொணம் ஆளு கிடையாதுய்யா. கணக்குல வராது” என்றார் எஸ்.ஐ. அதோடு அவரை அங்கே வைத்திருப்பது சரிப்படாது என்று நினைத்தாரோ என்னவோ, மேலத்தெருவின் அந்தக் கோடியில், சுடுகாட்டுக்குத் திரும்புகிற இடத்தில் போய் நிற்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

காலனியில் மிச்சம் இருந்த ஆம்பிளைகளே நாலு பேர்தான், காயாரோகணத்தையும் ரெத்தினத்தையும் சேர்த்து. எல்லாரும் பல் போன கிழவர்கள். அவர்கள் தூக்கிவிட்டால் கொள்ளிச்சட்டிக்கு ஆள் இல்லை.

“நான் எடுக்குறேன் பெரியப்பா” என்றாள் மலர்கொடி.

பெண்பிள்ளை சுடுகாட்டுக்கு வருகிற வழக்கம் கிடையாது. காயாரோகணம் ராஜம்மாளைப் பார்த்தார். ராஜம்மாள் நாற்காலியைப் பார்த்தாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. காயாரோகணம் சட்டியில் வரட்டியைப் போட்டு நெருப்பை ஊதிக்கொண்டே, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி முறையைச் சொன்னார்.

“எடுத்த பெறவு திரும்பிப் பாக்கக் கூடாது. என்ன சத்தம் கேட்டாலும் பாக்கக் கூடாது. சுடுகாட்டு எல்லையில கால் வச்ச பெறவுதான் பாக்கணும். கொள்ளி போற வழியிலதான் பாடை வரும், நீ தைரியமா போ.”

கொள்ளி போகிற வழியில் பாடை வரும் என்று சொன்னபோது அவர் அவள் கண்ணைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒன்றையே நினைத்தார்கள்.

முடிச்சை அவிழ்த்து, அவரைப் பாடையில் கிடத்தினார்கள். செருப்பையும் கூட அனுப்பிவிட வேண்டும், அந்தத் தெருவில் அவர் வெறுங்காலோடு போனதே இல்லை என்று ராஜம்மாள் நாற்காலிக்கு அடியில் கையை விட்டாள். செருப்பு இல்லை. “இங்கதானடி வச்சேன்” என்று நாற்காலியைத் தூக்கிப் பார்த்தாள், கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தாள். நாய் கவ்விக்கொண்டு போயிருக்கும் என்றார்கள். தேடிக்கொண்டிருக்க நேரம் இல்லை, எஸ்.ஐ. மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலர்கொடி கொள்ளிச்சட்டியை எடுத்துக்கொண்டு தனியாக நடந்தாள். வாசல்களில் நின்றவர்கள் அவள் கடக்கும்போது அழுகையை நிறுத்திக் கும்பிட்டார்கள். அவள் கண்ணை நேராக வைத்துக்கொண்டாள். காலனி முடிகிற இடத்தில் வாய்க்கால் மதகு. அதிலிருந்து இடது பக்கம் வரப்பு பிரிகிறது, நேராகப் போனால் மேலத்தெரு. மதகில் ஜீப்பை நிறுத்திக்கொண்டு எஸ்.ஐ.யும் லத்தியோடு இரண்டு பேரும் நின்றார்கள். எஸ்.ஐ. கையை வரப்புப் பக்கம் காட்டினார்.

அவள் நின்றாள்.

“நான் ஒருத்திதானுங்க வர்றேன். ஒருத்தி தெருவுல நடந்தா அது கூட்டமா?”

எஸ்.ஐ. அவளை ஏற இறங்கப் பார்த்தார். கொள்ளி தனி என்று சொன்னது அவர் வாய்தானே.

“நீ எந்த வழியா வேணாலும் போ. பாடை வரப்புலதான் போவும்” என்றார்.

அவள் நேராக நடந்தாள். பின்னால் பாடை மதகை நெருங்குகிறதா, யாராவது தடுக்கிறார்களா என்று தெரியவில்லை. திரும்பிப் பார்க்க வழியில்லை. பெரியப்பா சொன்னால் சொன்னதுதான், கொள்ளியை விட்டுவிட்டுப் பாடையைத் திருப்ப மாட்டார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பின்னால் ஒரு அதட்டல் கேட்டது. கிழவர்களின் குரல் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா, தெரு வழியாத்தாம்ப்பா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனாள். அது வேண்டுதல் மாதிரியும் இருந்தது, சண்டை மாதிரியும் இருந்தது.

மேலத்தெரு வெறிச்சென்று கிடந்தது. எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. கோலம் காய்ந்து மங்கியிருந்தது. காக்காய்கூட இல்லை. வெயில் மட்டும் தெரு முழுக்க நின்றது. கால்வாசித் தூரம் போயிருப்பாள், பின்னால் நடக்கிற சத்தம் கேட்டது.

அவளுக்கு உயிர் வந்தது. வந்துவிட்டார்கள். பெரியப்பா ஜெயித்துவிட்டார். சட்டியை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தூரம் குறையக் கூடாது, ஒட்டி வந்தால் ஐந்து பேர் ஆகிவிடும் என்று நினைத்து நடையை எட்டிப் போட்டாள். பின்னால் வந்த சத்தமும் எட்டிப் போட்டது, ஆனால் பின்தங்கியது. அப்பா கூட வரும்போது இப்படித்தான் ஆகும். மெதுவாப் போம்மா என்று கத்துவார், அவள் நின்று நின்று போவாள். பழக்க தோஷம், இப்போதும் நடையைத் தளர்த்தினாள்.

தெரு நடுவில் ஒரு நாய் படுத்திருந்தது. அவள் நெருங்கியதும் எழுந்து ஓரமாக ஒதுங்கியது. அவள் தாண்டிப் போனதும் திரும்பப் படுக்கப் போய், படுக்காமல் மறுபடி எழுந்து இன்னும் தள்ளி ஒதுங்கி நின்றது. அது ஓரக்கண்ணில்தான் தெரிந்தது.

கோவிந்தராசு வீட்டு வாசலில் மட்டும் கதவு திறந்திருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். படிக்கிறாரா, காத்துக்கொண்டிருக்கிறாரா, யார் கண்டது. அவளைப் பார்த்ததும் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. ஒற்றைப் பொம்பளை, கையில் சட்டி, பின்னால் பாடை இல்லை என்பது போல ஒரு சிரிப்பு. பாடை எங்கே என்று பார்க்க அவர் பார்வை அவளைத் தாண்டிப் பின்னால் போனது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பேப்பர் மடியிலிருந்து நழுவி விழுந்தது. மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் மெதுவாக எழுந்து நின்றார். எழுந்தவர் தெருவிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்னாலேயே நடந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

நாலு பேர் தூக்கி வருகிற பாடையைப் பார்த்தா இப்படி எழுந்திருப்பார் என்று அவளுக்குப் புரியவில்லை. அப்போதுதான் காது கொடுத்துக் கேட்டாள். சட்டக் சட்டக். சட்டக் சட்டக். செருப்புச் சத்தம். பாடை தூக்குகிறவர்கள் யாராவது செருப்புப் போடுவார்களா? நாலு பேர் நடந்தால் எட்டுக் கால் சத்தம் அல்லவா கேட்க வேண்டும்? ஓடிவிடலாமா என்றிருந்தது. கால் ஓடவில்லை.

சத்தம் கொஞ்சம் கிட்டே வந்தது. சட்டக் சட்டக்கென்ற அடிக்கு நடுவே, மெல்லிசாக, விசில் மாதிரி, இழுத்து இழுத்து ஒரு மூச்சு.

பயம் எங்கே போனது என்று அவளுக்குத் தெரியாது. அந்த மூச்சைக் கேட்டதும் விட்டுவிட்டது, அவ்வளவுதான். காலையிலிருந்து அந்த வீட்டில் கேட்காமல் போன சத்தம் இதோ இருக்கிறது. அவள் நடையை இன்னும் தளர்த்தினாள். அவருக்கு எந்த வேகம் சரிப்படும் என்று அவளுக்குத் தெரியாதா? இடது ஓரமாக ஒதுங்கி நடந்தாள், ஊர்வலத்தில் அவர் சொல்லிக்கொடுத்தபடி. மீதித் தெருவை அப்படியே கடந்தார்கள்.

தெருக்கோடியில் பஞ்சநதம் நின்றிருந்தார். அவள் நெருங்க நெருங்க அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஓரமாக ஒதுங்கி வழி விட்டார். அவள் கடந்த பிறகும் அவர் அப்படியே ஒதுங்கி நின்றார்.

சுடுகாடு ஆற்றங்கரை மேட்டில் இருந்தது. எல்லைக் கல்லைத் தாண்டிக் காலை வைத்ததும் சத்தம் நின்றது. அவள் சட்டியைக் கீழே வைத்தாள். திரும்பினாள்.

பின்னால் ஒருவரும் இல்லை.

மேட்டிலிருந்து பார்த்தால் வயல்வெளி முழுக்கத் தெரியும். மார்கழி மழையில் கரைந்த வரப்பில், அறுக்காத கதிருக்கு நடுவே, வெகு தூரத்தில் பாடை வந்துகொண்டிருந்தது. நாலு கிழவர்களும் ஒரு அடி வைப்பதும் நிற்பதுமாகத் தடுமாறினார்கள். முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு போலீஸ்காரர். ஒருவர் முழங்கால் வரை சேற்றில் இறங்கிப் பாடையை ஒரு பக்கம் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். தெரு வழியாகப் பாடை வரவே இல்லை.

ஜீப் மேலத்தெருவில் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. எஸ்.ஐ. இறங்காமலே பஞ்சநதத்தைக் கேட்டார்.

“இந்த வழியா எத்தனை பேருய்யா வந்தாங்க?”

பஞ்சநதம் ஒரு விரலை மடக்கினார். அப்புறம் இன்னொன்றை மடக்கினார். மற்ற மூன்று விரலும் நிமிர்ந்தே நின்றன. இந்தத் தடவை அவர் கையை உதறவில்லை.

“ரெண்டு பேருதான் சார். கூட்டம் இல்ல.”

எஸ்.ஐ. மேட்டில் தனியாக நின்ற மலர்கொடியைப் பார்த்தார். காலியாகக் கிடந்த தெருவைப் பார்த்தார். தொப்பியை மாட்டுய்யா என்று மட்டும் சொன்னார். பஞ்சநதம் மாட்டவில்லை.

பாடை வந்து சேர இன்னும் நேரம் ஆகும் போலிருந்தது. எல்லைக்கு உள்ளே, புங்கமரத்து நிழலில், வந்தவர்கள் உட்காருவதற்கென்று ஒரு நீளக் கல் போட்டிருந்தது. மலர்கொடி நெருப்பு அணையாமல் இன்னொரு வரட்டியை உடைத்துச் சட்டியில் போட்டாள். கல்லில் நடுவாக உட்கார்ந்தாள். பிறகு இடது ஓரத்துக்கு நகர்ந்து, தோளைக் கொஞ்சம் நிமிர்த்திக் கொடுத்து உட்கார்ந்துகொண்டாள்.